வன்தட்டு இல்லாத கணினிகளை நெட்வொர்க் வழியாகத் தொடக்குவது: முழுமையான வழிகாட்டி

வன்தட்டே இல்லாத ஒரு கணினி, மின்சாரம் கிடைத்ததும் நெட்வொர்க் வழியாக இயங்குதளத்தின் மையநிரலான கர்னலைப் பெற்று, சர்வரில் உள்ள ஓர் அடைவு மரத்தைத் தன் ரூட் கோப்பமைப்பாக, அதாவது எல்லாக் கோப்புகளுக்கும் வேரான அடைவாகக் கொண்டு இயங்குவதற்குச் செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். டெபியன் அல்லது உபுண்டு சர்வர், 64 பிட் இன்டெல் வகை முனைக் கணினிகள் (வன்தட்டு இல்லாத அந்தக் கணினிகள்; இனி முனைகள்), என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) வழியான ரூட் ஆகிய மூன்றையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலையைப் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் எல்லா அமைப்புக் கோப்புகளையும் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை கணினியை இயக்கிப் பார்க்கிறார்கள். அது நின்றுபோனால், ஐந்து இடங்களில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகிறது. எனவே முக்கியமான படிகளை ஒரு சோதனையோடு முடித்திருக்கிறேன். அந்தச் சோதனை வெற்றி பெறாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

1. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: ஒரே கணினி மூன்று முறை முகவரி கேட்கிறது

மின்விசையை அழுத்தியதும், நெட்வொர்க் அட்டையில் உள்ள பிஎக்ஸ்இ நிரல் (நெட்வொர்க் வழியாகக் கணினியைத் தொடக்கும் சிறு நிரல்), முகவரி வழங்கும் நெறிமுறையான டிஎச்சிபி மூலம் ஒரு முகவரி கேட்கிறது. கூடவே, எந்தச் சர்வரிலிருந்து எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலும் அதற்குக் கிடைக்கிறது. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக அந்தக் கோப்பு, அதாவது பூட் லோடர், வந்து சேர்ந்து கர்னலையும், தொடக்கத்தில் மட்டும் நினைவகத்தில் இயங்கும் சிறு கோப்பமைப்பான இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பையும் இறக்குகிறது.

கர்னல் ஓடத் தொடங்கியதும் பிஎக்ஸ்இ பெற்ற முகவரி பொதுவாகக் கைவிடப்படுகிறது. இப்போது இனிட்ரேம்எஃப்எஸ், தன்னிடம் உள்ள டிரைவர், அதாவது இயக்கியைக் கொண்டு நெட்வொர்க் அட்டையை மறுபடி எழுப்பி, இரண்டாம் முறையாக முகவரி கேட்டு, என்எஃப்எஸ் ரூட்டை இணைக்கிறது. அதன்பின் முழு இயங்குதளம் எழும்போது, அதில் உள்ள நெட்வொர்க் மேலாண்மை நிரல் மூன்றாம் முறையாகக் கேட்க முற்படுகிறது.

இந்த மூன்று கட்டங்களிலும் இயக்கி வேறு, கேட்பவர் வேறு, சில நேரம் கேட்பவர் சொல்லும் அடையாளமும் வேறு. கர்னலே வந்துவிட்டதே, நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது என்ற முடிவு தவறாவது இதனால்தான். முதல் கட்டத்தின் வெற்றி, இரண்டாம் கட்டத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

2. தொடங்குமுன் திரட்ட வேண்டியவை

நிலையான முகவரி கொண்ட சர்வர் ஒன்று வேண்டும். அதில் வேகமான வட்டைவிடத் தாராளமான நினைவகமே முக்கியம். எல்லா முனைகளும் ஒரே கோப்புகளைப் படிப்பதால், முதல் கணினி படித்தவை சர்வரின் நினைவகத்தில் தங்கி, மற்றவற்றுக்கு அங்கிருந்தே வழங்கப்படும்.

சர்வரிலிருந்து ஸ்விட்ச் வரை குறைந்தது 1 கிகாபிட் கம்பி இணைப்பு இருக்க வேண்டும். வைஃபை வழியாக இதைச் செய்ய முயல வேண்டாம். பெரும்பாலான கணினிகளின் பிஎக்ஸ்இ நிரலுக்குக் கம்பியில்லா அட்டை தெரியாது.

ஒவ்வொரு முனையின் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் எண்), நெட்வொர்க் அட்டையின் வகை, அது பழைய பயாஸ் முறையில் எழுகிறதா புதிய யூஇஎஃப்ஐ முறையில் எழுகிறதா என்ற மூன்றையும் ஓர் அட்டவணையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணை இல்லாமல் தொடங்கியவர்கள், பாதி வேலையில் அதற்காகத் திரும்பி வருவதையே நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்விட்சில், நெட்வொர்க்கில் சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கினால், முனைகள் செருகப்பட்ட போர்ட்டுகளில், காத்திருக்காமல் உடனே தரவை விடும் போர்ட்ஃபாஸ்ட் வசதியை இயக்குங்கள். வழக்கமான ஸ்பேனிங் ட்ரீ, இணைப்பு எழுந்த பின்னும் 30 விநாடிகள் தரவை அனுமதிக்காது. அதற்குள் பல பிஎக்ஸ்இ நிரல்கள் காத்திருப்பதைக் கைவிட்டுவிடும். ஒரே கணினி சில நேரம் எழுவதும் சில நேரம் எழாததுமாக இருந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

3. டிஎச்சிபி: முகவரியும் பூட் கோப்பின் பெயரும்

நெட்வொர்க்கில் ஏற்கெனவே ஒரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இந்தப் படி அமையும். இல்லையென்றால், டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் சேர்த்துத் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலே போதுமானது. ஒன்று ஏற்கெனவே இருந்து, அதை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால், டிஎன்எஸ்மாஸ்க்கைப் பிராக்ஸி முறையில் இயக்குங்கள். அப்போது முகவரியைப் பழைய சர்வரே தரும். பூட் தகவலை மட்டும் உங்கள் சர்வர் தரும். இரண்டு முழு டிஎச்சிபி சர்வர்களை ஒரே நெட்வொர்க்கில் ஓடவிட்டால் எது முந்துகிறதோ அதன் விடையே செல்லும். உங்கள் முனைகள் மட்டுமின்றி, அதே நெட்வொர்க்கில் வேலை செய்யும் மற்றவர்களும் பாதிக்கப்படுவார்கள்.

பூட் கோப்பின் பெயரை எல்லாருக்கும் ஒன்றாக வைக்கக் கூடாது. கேட்கும் கணினி தன் கட்டமைப்பை டிஎச்சிபியின் 93ஆம் விருப்பத்தில் (கூடுதல் தகவலுக்கான புலம்) சொல்கிறது. மதிப்பு 0 என்றால் பயாஸ். 64 பிட் யூஇஎஃப்ஐ கணினிகள் நடைமுறையில் 7 என்றும், சில 9 என்றும் சொல்கின்றன. இரண்டுக்கும் ஒரே யூஇஎஃப்ஐ கோப்பைத் தரும்படி எழுதிவிடுங்கள். பயாஸ் கோப்பை யூஇஎஃப்ஐ கணினிக்குக் கொடுத்தால் அது இறங்கும், ஆனால் ஓடாது; திரை மறுபடியும் பூட் பட்டியலுக்கே திரும்பிவிடும்.

முனைகள் ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரியின்படி நிலையான முகவரியை ஒதுக்குங்கள். இது வசதிக்காக மட்டுமன்று; உண்மையான காரணத்தை 9ஆம் பகுதியில் காணலாம்.

சோதனை: சர்வரில், நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை யூடிபி 67, 68 ஆகிய போர்ட்டுகளில் கவனிக்கும்படி ஓடவிட்டு முனையை இயக்குங்கள். பிராக்ஸி முறையென்றால் 4011ஆம் போர்ட்டையும் சேர்த்துக் கவனியுங்கள். கேள்வியும் விடையும் தெரிய வேண்டும். விடையில் உங்கள் சர்வரின் முகவரியும் சரியான கோப்புப் பெயரும் இருக்க வேண்டும்.

4. டிஎஃப்டிபி: பூட் லோடர் சென்று சேர்வது

பயாஸ் கணினிகளுக்குப் பிஎக்ஸ்இலினக்ஸ், யூஇஎஃப்ஐ கணினிகளுக்குக் க்ரப் என்ற பூட் லோடர்களை வைத்துக்கொள்வது எளிய வழி. க்ரப்புக்கான நெட்வொர்க் அடைவை அதனுடனேயே வரும் எம்கேநெட்டிர் கருவி உருவாக்கித் தரும். அப்படி உருவாகும் கோப்புக்குக் கையொப்பம் இல்லாததால், முதல் முயற்சியில், கையொப்பமில்லாதவற்றைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்து வையுங்கள். எல்லாம் ஓடிய பிறகு, கையொப்பமிட்ட ஷிம் (க்ரப்பை ஏற்றும் சிறு லோடர்), க்ரப் கோப்புகளுக்கு மாறிக்கொள்ளலாம்.

பிஎக்ஸ்இலினக்ஸின் 5ஆம் பதிப்பிலிருந்து, அதன் துணைக் கோப்பான எல்டிலினக்ஸும் அதே அடைவில் இருக்க வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். க்ரப்பில் வேறொரு சிக்கல் உண்டு: தன் அமைப்புக் கோப்பை எங்கே தேட வேண்டும் என்ற பாதை அதற்குள்ளேயே பதிந்திருக்கும். பட்டியல் வராமல் வெறும் க்ரப் கட்டளை வரி மட்டும் வந்தால், டிஎஃப்டிபி பதிவேட்டைத் திறந்து, அது எந்தப் பாதையைக் கேட்டது என்று பார்த்து அங்கே கோப்பை வையுங்கள்.

தீயரணைப் பொறுத்தவரை 69ஆம் போர்ட்டைத் திறந்தால் மட்டும் போதாது. கேள்வி அந்தப் போர்ட்டுக்கு வந்தாலும், தரவு வேறொரு தற்காலிகப் போர்ட்டிலிருந்து செல்கிறது. தீயரணின் டிஎஃப்டிபி துணைக்கூறை இயக்குங்கள், அல்லது முனைகளின் நெட்வொர்க் பகுதிக்கு யூடிபியை அனுமதியுங்கள்.

டிஎஃப்டிபிக்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ இல்லை. அந்த அடைவில் உள்ள எதையும் நெட்வொர்க்கில் உள்ள யாரும் எடுக்கலாம் என்பதை மனத்தில் கொண்டு, பூட்டுக்குத் தேவையானவற்றை மட்டும் அங்கே வையுங்கள்.

சோதனை: வேறொரு கணினியிலிருந்து டிஎஃப்டிபி நிரலால் பூட் லோடரை இறக்கிப் பாருங்கள். பிறகு முனையை இயக்கினால், லோடரின் பட்டியலோ கட்டளை வரியோ திரையில் தெரிய வேண்டும்.

5. ரூட் மரத்தை உருவாக்குவது

சர்வரின் சொந்த ரூட்டை நகலெடுத்து முனைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சர்வருக்கே உரிய சேவைகள், சாவிகள், எஃப்எஸ்டேப் (எவற்றை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) வரிகள் எல்லாம் கூடவே சென்றுவிடும். தனி அடைவு ஒன்றில் டீபூட்ஸ்ட்ராப் கருவியைக் கொண்டு புதிய மரத்தை உருவாக்கி, சர்வரின் ப்ராக், சிஸ், டெவ் அடைவுகளை அதனுள் இணைத்து, சிஎச்ரூட் செய்து, அதாவது அந்த அடைவையே ரூட்டாகக் கொண்டு, உள்ளே நுழையுங்கள். கர்னல், என்எஃப்எஸ் கிளையன்ட் பொதி, ஓவர்லேரூட் பொதி, தேவையான பயன்பாடுகள் ஆகியவற்றை அங்கே நிறுவுங்கள்.

எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டைக் குறிக்கும் எந்த வரியும் இருக்கக் கூடாது. இல்லாத வட்டுக்காக இயங்குதளம் ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பின்னர் அவசர நிலைக்குச் சென்றுவிடும்.

வேலை முடிந்ததும் ப்ராக், சிஸ், டெவ் இணைப்புகளை நீக்கியாயிற்றா என்று உறுதி செய்யுங்கள். டெவ் இணைந்திருக்கும்போதே அந்த மரத்தை அழித்தால், சர்வரின் சொந்தச் சாதனக் கோப்புகள் அழிந்துபோகும். இந்த ஒரு கட்டளையை மட்டும் அவசரமாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

6. இனிட்ரேம்எஃப்எஸ்: அதிகமானோர் தடுமாறும் இடம்

இந்தச் சிறு கோப்புதான் இரண்டாம் முறை முகவரி கேட்டு ரூட்டை இணைக்கிறது. சிஎச்ரூட்டினுள் இருந்தபடி, இனிட்ரேம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் இரண்டு மதிப்புகளை மாற்றுங்கள்: பூட் என்பதை என்எஃப்எஸ் என்றும், மாட்யூல்ஸ் என்பதை நெட்பூட் என்றும் வையுங்கள். பிறகு கோப்பை மறுபடி உருவாக்குங்கள்.

மாட்யூல்ஸ் மதிப்பு டெப் என்று இருந்தால், உருவாக்கும் கணினியின் வன்பொருளுக்குத் தேவையான இயக்கிகள் மட்டுமே சேரும். நீங்கள் உருவாக்குவதோ சர்வரில், ஓடப்போவது முனையில். சர்வரின் அட்டைக்கான இயக்கி உள்ளே இருக்கும், முனையின் அட்டைக்கானது இருக்காது. கர்னல் அழகாக எழுந்து, பின்னர் சாதனமே இல்லை என்று நிற்கும். இந்த நிலையில் டிஎச்சிபி அமைப்பை இரண்டு நாள் திருத்திக்கொண்டிருந்த ஒருவருக்கு நான் உதவியிருக்கிறேன். டிஎச்சிபியில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

சில அட்டைகளுக்கு இயக்கியோடு, அட்டைக்குள் ஏற்றப்படும் நிரலான ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். பிராட்காமின் பிஎன்எக்ஸ்2 வகை அதற்கு எடுத்துக்காட்டு. அந்தப் பொதியை மரத்தில் நிறுவிய பின்னரே இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பை உருவாக்க வேண்டும். வரிசை மாறினால் ஃபர்ம்வேர் அதில் சேராது.

உருவான கோப்பையும் கர்னலையும் டிஎஃப்டிபி அடைவுக்கு நகலெடுங்கள். உபுண்டுவில் கர்னல் கோப்பு, ரூட் பயனர் (முழு உரிமை கொண்ட நிர்வாகி) மட்டுமே படிக்கும்படி அமைந்திருக்கும். நகலெடுத்த பின் எல்லாரும் படிக்க அனுமதி தராவிட்டால், டிஎஃப்டிபி சர்வரால் அதைத் திறக்க முடியாது.

சோதனை: இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, உங்கள் அட்டவணையில் உள்ள ஒவ்வோர் அட்டையின் இயக்கியும், என்எஃப்எஸ், ஓவர்லே ஆகிய மாட்யூல்களும் அதில் இருப்பதைக் கண்ணால் பாருங்கள்.

7. என்எஃப்எஸ் பகிர்வும் கர்னல் வரியும்

ரூட் மரத்தைப் படிக்க மட்டும் என்ற அனுமதியோடு, முனைகளின் நெட்வொர்க் பகுதிக்கு மட்டும் பகிருங்கள், எடுத்துக்காட்டாக 192.168.10.0/24. கூடவே நோ ரூட் ஸ்குவாஷ் விருப்பமும் வேண்டும். படிக்க மட்டும்தானே, அது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முனையின் ரூட் பயனரைச் சர்வர் அடையாளமற்ற பயனராகவே நடத்தும்; ரூட் மட்டும் படிக்கக்கூடிய கடவுச்சொல் கோப்பு, சூடோ அமைப்பு போன்றவற்றைத் திறக்க முடியாது. கணினி எழும், ஆனால் யாராலும் உள்நுழைய முடியாது.

இதே விருப்பத்தை எழுதும் அனுமதியோடு சேர்த்துக் கொடுப்பது ஆபத்தானது. அந்த நெட்வொர்க் பகுதியில் ரூட் உரிமை கொண்ட எவரும் எல்லா முனைகளின் இயங்குதளத்தையும் மாற்றிவிடலாம். படிக்க மட்டும் என்பதையும், அந்த மரத்தில் எந்த இரகசியத்தையும் வைப்பதில்லை என்பதையும் விதியாகக் கொள்ளுங்கள்.

பூட் லோடரின் அமைப்பில் கர்னலுக்கு நான்கு செய்திகள் செல்ல வேண்டும்: ரூட் என்எஃப்எஸ்ஸில் உள்ளது, என்எஃப்எஸ்ரூட் என்பது இன்ன சர்வரின் இன்ன அடைவு, முகவரியை டிஎச்சிபி மூலம் பெறு, படிக்க மட்டும் இணை. என்எஃப்எஸ்ரூட் மதிப்பின் இறுதியில் பதிப்பு 3, டிசிபி என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால், கர்னல் தானே இணைக்கும்போது மிகப் பழைய பதிப்பைக் கேட்கும். இன்றைய சர்வர்கள் அதை ஏற்பதில்லை. சில இனிட்ரேம்எஃப்எஸ் கோப்புகளில் உள்ள சிறிய இணைப்பு நிரலுக்கு 4ஆம் பதிப்பு தெரியாது என்பதால், ரூட்டுக்கு 3ஆம் பதிப்பே பாதுகாப்பான தேர்வு.

முனையில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் இருந்தால், எந்த அட்டை வழியாக எழுந்தது என்பதையும் கர்னலுக்குச் சொல்ல வேண்டும். பிஎக்ஸ்இலினக்ஸில் ஐபிஅப்பெண்ட் 2 என்ற வரி அதைச் செய்கிறது. இல்லையென்றால் கம்பி செருகாத அட்டையில் முகவரி தேடிக்கொண்டிருக்கும்.

சோதனை: சர்வரிலோ வேறொரு கணினியிலோ அந்தப் பகிர்வை அதே விருப்பங்களோடு கையால் இணைத்துப் பாருங்கள். அதன்பின் முனையை இயக்குங்கள். இந்தக் கட்டத்தில் அது எழுந்து, எழுத முடியவில்லை என்று பல சேவைகள் முறையிட்டால், அதுவே சரியான நிலை.

8. எழுதுவதற்கான அடுக்கு

படிக்க மட்டும் உள்ள ரூட்டின் மேல், நினைவகத்தில் ஓர் எழுதும் அடுக்கை ஓவர்லே முறையில் வைக்க வேண்டும். கீழ் அடுக்காக என்எஃப்எஸ் ஏற்றது. மேல் அடுக்குக்கு, நினைவகத்திலேயே இருக்கும் கோப்பமைப்பான டெம்ப்எஃப்எஸ் வேண்டும், என்எஃப்எஸ் அதற்கு உதவாது. ஓவர்லேரூட் பொதியை டெம்ப்எஃப்எஸ் முறையில் இயக்கினால், இது இனிட்ரேம்எஃப்எஸ் கட்டத்திலேயே நடந்துவிடும்.

அந்தப் பொதியில் ரிகர்ஸ் என்ற மதிப்பைக் கட்டாயம் 0 என்று மாற்றுங்கள். இயல்பாக அது 1 என்றே இருக்கும். அப்போது எஃப்எஸ்டேப்பில் உள்ள மற்ற இணைப்புகளின் மேலும் இதே அடுக்கு போடப்படும். பயனர்களின் ஹோம் அடைவும் அதில் சிக்கினால், அவர்கள் சேமித்த கோப்புகள் சேமிக்கப்பட்டதுபோலவே தோன்றி, கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். ஒருவரின் உழைப்பு தொலைந்த பிறகே தெரியவரும் பிழை இது. ஆகவே யாரிடமும் கணினியைக் கொடுப்பதற்கு முன், ஹோமில் ஒரு கோப்பை எழுதி, கணினியை அணைத்து இயக்கி, அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டெம்ப்எஃப்எஸ் இயல்பாக நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். பதிவேடுகளை நினைவகத்தில் மட்டும், ஓர் அளவு வரம்போடு வைக்கச் சொல்லுங்கள். ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது பயன்படும் கூடுதல் இடம்), நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கி வைக்கும் ஸெட்ரேம் பயன்படுத்துங்கள். நெட்வொர்க் வழியான ஸ்வாப், நினைவகம் தீரும் நேரத்தில் நெட்வொர்க்குக்கே நினைவகம் தேவைப்படும் என்பதால் எளிதில் முடங்கிவிடும்.

ஹோம் அடைவுகளைத் தனிப் பகிர்வாக, எழுதும் அனுமதியோடும் ரூட் ஸ்குவாஷ் விருப்பத்தோடும் கொடுங்கள்.

9. ஒரே மரம், வெவ்வேறு அடையாளங்கள்

எல்லா முனைகளும் ஒரே மரத்திலிருந்து எழுவதால், அடையாளம் எதையும் மரத்தில் பதிய விடக் கூடாது. பெயர்க் கோப்பை நீக்கிவிட்டு, கணினியின் பெயரை டிஎச்சிபியின் 12ஆம் விருப்பத்தில் அனுப்புங்கள்.

கணினியின் தனி அடையாள எண்ணைக் கொண்ட மெஷின் ஐடி கோப்பு நுட்பமானது. அது நிரம்பியிருந்தால் எல்லா முனைகளுக்கும் அதே அடையாளம் அமையும். நெட்வொர்க் மேலாண்மை நிரலான சிஸ்டம்டி நெட்வொர்க்டி தன் டிஎச்சிபி அடையாளத்தை அதிலிருந்தே உருவாக்குவதால், எல்லாக் கணினிகளும் ஒரே கணினியாகச் சர்வருக்குத் தோன்றி, ஒரே முகவரியைப் பெற்று மோதும். கோப்பைக் காலியாக்கினால் ஒவ்வொரு பூட்டிலும் புதிய அடையாளம் பிறந்து, முகவரிக் குவியல் மெல்லத் தீரும். கோப்பைக் காலியாக வைத்து, டிஎச்சிபி அடையாளமாக மேக் முகவரியையே பயன்படுத்தும்படி நெட்வொர்க்டியில் எழுதுவதே நான் கண்ட தீர்வு.

அதைவிட நல்லது, மூன்றாம் கேள்வியே எழாமல் தடுப்பது. ரூட் தொங்கிக்கொண்டிருக்கும் அதே அட்டையை நெட்வொர்க் மேனேஜர் ஒரு கணம் இறக்கி ஏற்றினாலும், அதை மீண்டும் ஏற்றுவதற்கான நிரலைப் படிக்க ரூட் இருக்காது. கணினி எந்தப் பிழைச் செய்தியும் இன்றி உறைந்துவிடும். எனவே அந்த அட்டையைத் தொட வேண்டாம் என்று மேலாண்மை நிரலுக்குச் சொல்லுங்கள். ஆனால் அப்போது முகவரியின் குத்தகையை, அதாவது அது தரப்பட்ட காலத்தை, புதுப்பிக்க யாரும் இருக்க மாட்டார்கள். குத்தகை முடிந்ததும் அதே முகவரி வேறொரு கணினிக்குப் போகலாம். 3ஆம் பகுதியில் சொன்ன மேக் ஒதுக்கீடு இதைத் தடுப்பதற்காகத்தான்.

10. திரையில் தெரியும் பிழைகளைப் படிப்பது

பிஎக்ஸ்இ-இ61 என்றால் கம்பியையும் ஸ்விட்சையும் பாருங்கள். இ51 என்றால் டிஎச்சிபி விடையே வரவில்லை. யூஇஎஃப்ஐ கணினிகள் இதையே இ16 என்று காட்டும். இ52 என்றால் பிராக்ஸி பேசியது, முகவரி தரும் சர்வர் பேசவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் டிஎஃப்டிபி சர்வரை எட்ட முடியவில்லை, பெரும்பாலும் தீயரண். டி01 என்றால் கோப்பு அங்கே இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பாருங்கள்.

கர்னல் எழுந்த பிறகு வரும் பிழைக்கும் இந்த எண்களுக்கும் தொடர்பில்லை. அப்போது 6ஆம், 7ஆம் பகுதிகளுக்கு மட்டும் திரும்புங்கள்.

11. பல கணினிகள் சேர்ந்து எழும்போது

ஒரு முனை எழ 400 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 முனைகளுக்கு 12,000 எம்பி. 1 கிகாபிட் இணைப்பு நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 110 எம்பி தரும். எல்லாம் சர்வரின் நினைவகத்திலிருந்தே சென்றாலும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நெட்வொர்க் வழியாகக் கணினியை இயக்கும் வேக் ஆன் லேன் மூலம் ஐந்தைந்தாக, சில விநாடி இடைவெளியில் எழுப்பினால் காத்திருப்பு சீராகும்.

தாமதத்தின் மற்றொரு காரணம் டிஎஃப்டிபி. அதன் இயல்பான தொகுதி அளவு 512 பைட். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வந்த பின்னரே அடுத்தது செல்லும். 60 எம்பி கோப்பு என்றால் 1,22,880 முறை போய்வர வேண்டும். தொகுதி எண் 16 பிட் என்பதால், பெரிய தொகுதியைக் கேட்கத் தெரியாத பழைய நிரல்கள் சுமார் 32 எம்பியைத் தாண்டும்போது நின்றுவிடுவதும் உண்டு. இந்த இரண்டையும், கூடுதல் வசதிகள் கொண்ட பிஎக்ஸ்இ நிரலான ஐபிஎக்ஸ்இ தீர்க்கிறது: அதை மட்டும் டிஎஃப்டிபியில் கொடுத்து, கர்னலை எச்டிடிபியில் கொடுக்கலாம். ஐபிஎக்ஸ்இ எழுந்ததும் மறுபடி டிஎச்சிபி கேட்கும். அப்போது 77ஆம் விருப்பத்தில் அதன் பெயர் இருக்கும். அதைக் கண்டு வேறு விடை தராவிட்டால், அது தன்னையே மீண்டும் மீண்டும் இறக்கிக்கொண்டிருக்கும்.

12. புதுப்பித்தல்

முனைகள் ஓடிக்கொண்டிருக்கும் மரத்தினுள் சிஎச்ரூட் செய்து புதுப்பிக்க வேண்டாம். சர்வரில் ஒரு கோப்பு மாற்றப்பட்டதும், பழைய கோப்பைத் திறந்து வைத்திருக்கும் முனைகளுக்குச் செல்லாத கோப்புச் சுட்டி என்ற பிழை வரும். ஓடும் நிரல்கள் நடுவிலேயே விழும். ஓவர்லேயின் கீழ் அடுக்கு மாறினால் என்ன நிகழும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மரத்தை முழுமையாக நகலெடுத்து, நகலின் அடைவுக்குத் தேதியைப் பெயராக இட்டு, அதில் புதுப்பியுங்கள். இடத்தை மிச்சப்படுத்த வன் இணைப்புகளால் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் தருவது) நகலெடுப்பது தவறு. ஒரு கோப்பு இருந்த இடத்திலேயே திருத்தப்பட்டால் பழைய மரமும் மாறிவிடும். கோப்பமைப்பு பிடிஆர்எஃப்எஸ் என்றால், அந்த நேரத்து நிலையின் நகலான ஸ்னாப்ஷாட் எடுக்கலாம்.

கர்னல் மாறியிருந்தால் புதிய கர்னலையும் இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பையும் அதே தேதியிட்ட அடைவில் டிஎஃப்டிபியில் வையுங்கள். மரத்தில் புதிய மாட்யூல்கள், டிஎஃப்டிபியில் பழைய கர்னல் என்று பிரிந்துபோனால், கணினி எழுந்தும் ஒலியோ யூஎஸ்பியோ திரை இயக்கியோ வேலை செய்யாது. காரணம் எளிதில் தெரியாது. முனையில் ஓடும் கர்னலின் பதிப்பையும் மாட்யூல்கள் அடைவின் பெயரையும் ஒப்பிட்டால் உடனே விளங்கும்.

முதலில் ஒரே ஒரு முனையின் மேக் முகவரிக்கு மட்டும் தனி அமைப்புக் கோப்பு எழுதிப் புதிய மரத்தைக் காட்டுங்கள். பிஎக்ஸ்இலினக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் 01 என்ற எண்ணோடு தொடங்கி, மேக் முகவரியின் எழுத்துகள் சிறிய எழுத்திலும் இடையில் சிறு கோடுகளோடும் அமைய வேண்டும். அது இல்லாத முனைகள் டீஃபால்ட் என்ற பொதுக் கோப்பையே படிக்கும். அந்த முனை ஒரு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடிய பிறகு பொதுக் கோப்பில் பாதையை மாற்றுங்கள். மற்ற முனைகள் அடுத்த முறை எழும்போது தாமாகவே மாறிவிடும். பழைய மரத்தை, அதிலிருந்து எழுந்த கடைசி முனையும் அணைக்கப்படும் வரை அழிக்காதீர்கள்.